ஜென்கின்ஸ் இடைமுகம் புதுப்பிக்கப்பட்ட பின் எழும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

ஜென்கின்ஸின் பக்கங்கள் நெடுங்காலம் ஒரே முகத்துடன் இருந்தன. 2004-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற பெயரில் தொடங்கி, 2011-இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய இந்தக் கட்டற்ற தானியக்கக் கருவி, மென்பொருளைக் கட்டமைத்துச் (பில்டு) சோதிக்கும் பணிகளைத் தானாக நடத்துவது, அந்தக் காலத்து வலைநுட்பங்களின் மேல் எழுந்தது. அமைப்புப் படிவங்கள் எச்டிஎம்எல் அட்டவணைகளாக வரையப்பட்டன. உலாவிக்குள் நடக்க வேண்டியவற்றைப் புரோட்டோடைப், ஒய்யூஐ ஆகிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் கவனித்தன. புரோட்டோடைப்பின் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. ஒய்யூஐ மேம்பாட்டை யாகூ 2014-இலேயே நிறுத்திவிட்டது. பராமரிப்பார் இல்லாத நூலகங்களின் மேல் ஒரு பில்டு சர்வரை நடத்துவது பாதுகாப்புக்கு உகந்ததன்று என்பதால், 2020 முதல் இவை படிப்படியாகக் களையப்பட்டு வருகின்றன. அது தேவையான பணி என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஜென்கின்ஸ் என்பது மைய நிரல் மட்டுமன்று. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் அதனோடு சேர்ந்து இயங்குகின்றன. அவற்றுள் பல, மையத்தில் இருந்த பழைய உறுப்புகள் என்றும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. ஆகவே மையத்தை மேம்படுத்திய மறுநாள் திரையில் தெரியும் கோளாறுக்கு, மையம் எதை அகற்றியது, அதை எந்தச் செருகுநிரல் இன்னும் தேடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டால் போதும். கீழே உள்ள ஒவ்வொரு பகுதியும் ஓர் அறிகுறியிலிருந்து தொடங்கி அந்த விடைக்குச் செல்கிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

கோணலாகத் தெரியும் ஒரு படிவத்தில் "சேவ்" பொத்தானை அழுத்தாதீர்கள். "அப்ளை" பொத்தானும் சேமிக்கவே செய்கிறது என்பதால் அதையும் தொடாதீர்கள். பார்ப்பதற்கு அழகற்றுப் போன படிவத்தால் தீங்கில்லை. ஆனால் அதைச் சேமித்தால் நிகழக்கூடிய இழப்பு பல நாட்கள் கழித்தே தெரியவரும். ஜென்கின்ஸ் ஹோம் அடைவில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கு, குறிப்பாக ஒவ்வொரு ஜாபின் (ஜென்கின்ஸ் நடத்தும் பணியின்) கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்புக்கும், காப்பு நகல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஆராயத் தொடங்குங்கள்.

அடுத்து, குற்றம் எந்தச் செருகுநிரலுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து கன்சோலில் சிவப்பாகத் தெரியும் வரிகளைப் படியுங்கள். பிழை எழுந்த கோப்பின் முகவரியில் "பிளகின்" என்ற சொல்லை அடுத்துச் செருகுநிரலின் குறும்பெயர் இருக்கும். முகவரி "அட்ஜங்ட்ஸ்" என்ற பாதையில் சென்றால், அதைத் தொடரும் ஜாவா தொகுப்புப் பெயர் அதே தகவலைத் தரும். கன்சோலில் எதுவும் இல்லையென்றால் நெட்வொர்க் பகுதியில் 403, 404, 405, 500 ஆகிய பிழை எண்களுடன் திரும்பிய கோரிக்கைகளைத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் ஜென்கின்ஸின் சிஸ்டம் லாகைப் பாருங்கள். இம்மூன்றிலும் தடயம் கிடைக்காதபோதுதான் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்கும் வழிக்குப் போக வேண்டும். அதையும் சோதனைக்கென்று வைத்திருக்கும் தனிச் சர்வரில்தான் செய்ய வேண்டும்.

அமைப்புப் படிவத்தில் பெயர்களும் உள்ளீட்டுப் பெட்டிகளும் இடம் மாறிக் கிடக்கின்றன

பழைய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பிலிருந்து ஒரே தாவலாக மேம்படுத்தியவர்கள் அதிகம் காணும் அறிகுறி இதுதான். 2020 இறுதியில் வந்த 2.264 என்ற வாரப் பதிப்பில் படிவங்களின் அட்டவணைக் கட்டமைப்பு நீக்கப்பட்டு, டிவ் குறிகளைக் கொண்ட கட்டமைப்பு வந்தது. எல்டிஎஸ் வரிசையில் இது 2021 மார்ச்சில் 2.277.1 பதிப்பாக வெளிவந்தது. சிறிய திரைகளில் படிவம் மடங்கித் தெரிவதற்கும், திரைவாசிப்பான் கொண்டு பயன்படுத்துவோருக்கும் அட்டவணை பெருந்தடையாக இருந்ததால் இந்த மாற்றம் இன்றியமையாததாயிற்று.

ஜென்கின்ஸ் தரும் படிவக் குறிகளை மட்டும் பயன்படுத்திய செருகுநிரல்கள் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் உணரவே இல்லை. பக்கங்களை வரையும் தம் ஜெல்லி வார்ப்புருக் கோப்புகளில் அட்டவணை வரிசையையும் கட்டத்தையும் குறிக்கும் குறிகளைக் கையால் எழுதியவைதான் உடைந்தன. காரணம் உலாவியின் எச்டிஎம்எல் பாகுபடுத்தும் விதிகளில் இருக்கிறது. அட்டவணைக்கு வெளியே ஒரு வரிசைக் குறி வந்தால், உலாவி அந்தக் குறியை முற்றிலும் புறக்கணித்து, அதன் உள்ளடக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மாறாக, ஓர் அட்டவணைக்குள் நேரடியாக ஒரு டிவ் வந்தால், அந்த டிவ்வை வெளியே எடுத்து அட்டவணைக்கு முன்னால் வைத்துவிடும். ஆகவே செருகுநிரல் எழுதிய வரிசையும் உலாவி உருவாக்கும் மரமும் வேறு வேறாகின்றன. பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். டெவலப்பர் கருவியின் எலிமெண்ட்ஸ் பகுதியைப் பார்த்தால்தான் பெட்டி எங்கே நகர்ந்திருக்கிறது என்பது புலப்படும்.

நிர்வாகி செய்ய வேண்டியது, அந்தச் செருகுநிரலின் மாற்றப் பட்டியலில் அட்டவணை நீக்கம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பதிப்புக்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ செல்வது. செருகுநிரலை எழுதுபவர், வரிசைக்கும் கட்டத்துக்கும் பதிலாக என்ட்ரி, பிளாக் ஆகிய படிவக் குறிகளைப் பயன்படுத்தி, அட்டவணை உறையை நீக்கிவிட வேண்டும். சிஎஸ்எஸ் கொண்டு தோற்றத்தை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது ஆபத்தானது; அடுத்த பகுதி ஏன் என்று காட்டும்.

படிவம் திறக்கிறது, சேமிக்கிறது. ஆனால் சில அமைப்புகள் மறைந்துவிடுகின்றன

மிகவும் அஞ்ச வேண்டிய அறிகுறி இது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஜாப் வழக்கம்போல ஓடும். சில நாட்கள் கழித்து அறிவிப்பு மின்னஞ்சல் வரவில்லை, அல்லது வேறு கிரெடென்ஷியல் (உள்நுழைவுச் சான்று) பயன்படுத்தப்படுகிறது என்று யாராவது சொல்லும்போதுதான் தெரியவரும்.

ஜென்கின்ஸ் ஒரு படிவத்தை அனுப்பும் விதம் வழக்கமான வலைப்படிவங்களினின்றும் வேறானது. சேமிக்கும் கணத்தில், உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் படிவத்தின் மரத்தை மேலிருந்து கீழாக நடந்து, எந்தப் பெட்டி எந்தக் குழுவுக்குள் இருக்கிறது என்பதை வைத்து ஒரு ஜேசன் (உரைவடிவத் தரவு) கட்டமைப்பை உருவாக்குகிறது. சர்வரில் ஸ்டேப்லர் என்ற அடுக்கு அந்த ஜேசனைப் பிரித்து ஜாவா பொருள்களாக மாற்றுகிறது. உலாவி ஒரு பெட்டியை அதன் குழுவிலிருந்து வெளியே நகர்த்திவிட்டால், ஜேசனில் அந்த மதிப்பு தவறான இடத்தில் அமரும். சர்வர் எதிர்பார்க்கும் இடத்தில் அது இருக்காது. எனவே அமைப்பு வெறுமையாகவோ இயல்பு மதிப்பாகவோ மாறி வட்டில் எழுதப்படும். சர்வரின் பார்வையில் இது முறையான கோரிக்கை என்பதால் லாகிலும் தடயம் இராது.

இதைச் சோதிக்க உறுதியான வழி ஒன்று உண்டு. சோதனைச் சர்வரில், ஐயத்துக்குரிய செருகுநிரலைப் பயன்படுத்தும் ஒரு ஜாபை நகலெடுங்கள். நகலெடுத்த ஜாப் முதன்முறை சேமிக்கப்படும் வரை ஓடாது என்றாலும், சேமித்ததும் அதன் கால அட்டவணை உயிர்பெற்றுவிடும் என்பதால், ட்ரிகர்கள் (தானாகத் தொடங்கவைக்கும் அமைப்புகள்) உள்ள ஜாபாக இருந்தால் அதை முடக்கி வையுங்கள். சேமிப்பதற்கு முன் கான்ஃபிக் கோப்பைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் சேமித்து, இரண்டு கோப்புகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். செருகுநிரலின் பெயரோடு ஒட்டி வரும் பதிப்பு எண் மாறியிருப்பது இயல்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஓர் உறுப்பு காணாமல் போயிருந்தாலோ, வெறுமையாகியிருந்தாலோ, அந்தச் செருகுநிரல் திருத்தப்படும் வரை அதைப் பயன்படுத்தும் எந்த ஜாபையும் இடைமுகத்தின் வழியே சேமிக்கக் கூடாது. பைப்லைனை (பணிப்படிகளின் வரிசையை) ஜென்கின்ஸ்ஃபைல் என்ற உரைக்கோப்பில் எழுதிக் களஞ்சியத்தில் வைத்திருப்போரும், சர்வரின் அமைப்புகளைக் கான்ஃபிகரேஷன் அஸ் கோடு செருகுநிரலின் யாமல் கோப்பில் வைத்திருப்போரும் இந்த இழப்பிலிருந்து பெரிதும் தப்பிவிடுகிறார்கள், ஏனெனில் அவர்களின் அமைப்புகள் படிவத்தின் வழியே செல்வதே இல்லை. ஒவ்வொரு மேம்படுத்தலுக்கு முன்பும் இந்தச் சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டுவது வீண் உழைப்பாகாது.

இழப்பு ஏற்கெனவே நிகழ்ந்திருந்தால், காப்பு நகலிலிருந்து அந்த ஜாபின் கான்ஃபிக் கோப்பை மட்டும் திரும்ப வைத்து, மேனேஜ் ஜென்கின்ஸ் பக்கத்தில் உள்ள "ரீலோடு கான்ஃபிகரேஷன் ஃப்ரம் டிஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜாப் கான்ஃபிகரேஷன் ஹிஸ்டரி செருகுநிரலை முன்பே நிறுவியிருந்தால், எப்போது, யாருடைய சேமிப்பில் அந்த மதிப்பு போயிற்று என்பதையும் காணலாம்.

பொத்தானையோ இணைப்பையோ அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை

ஒரே அறிகுறிக்குப் பின்னால் வெவ்வேறான மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியக் கன்சோலும் நெட்வொர்க் பகுதியும் போதும்.

கன்சோலில் டாலர் குறியோ, அஜாக்ஸ் என்ற பொருளோ வரையறுக்கப்படவில்லை என்றோ, ஒரு செயற்கூறு இல்லை என்றோ செய்தி இருந்தால், அது புரோட்டோடைப் நீக்கத்தின் விளைவு. 2023-ஆம் ஆண்டில் அந்த நூலகம் மையத்திலிருந்து எடுக்கப்பட்டது. புரோட்டோடைப் தன் பெயரில் சில செயற்கூறுகளைத் தந்ததோடு நிற்கவில்லை. உலாவியின் சொந்தப் பொருள்களிலும் அணிகளிலும் தன் உறுப்புகளைச் சேர்த்துவிட்டது. அதனால் தற்கால உலாவிகளின் இயல்பான ஜேசன் மாற்றம்கூட, அது இருந்த பக்கங்களில் அணிகளைத் தவறாக, மேற்கோள் குறிக்குள் அடைத்த சரமாக வெளியிட்டது. பல செருகுநிரல்கள் இந்தத் தவறுக்கு ஈடுசெய்யும் வகையில் எழுதப்பட்டிருந்தன. நூலகம் போனதும் அந்த ஈடுசெய்தலே பிழையாயிற்று. ஆகவே எழுதுபவர் டாலர் குறியைத் தேடி மாற்றியதோடு நிறுத்திவிடக் கூடாது. உறுப்பைத் தேடுவதற்கு உலாவியின் சொந்தத் தேடல் வழிகளையும், சர்வரை அழைக்க ஃபெட்ச் செயற்கூற்றையும் பயன்படுத்துவதோடு, ஜேசனை உருவாக்கும் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும்.

கன்சோலில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி மீறல் என்ற செய்தி இருந்தால், காரணம் வேறு. ஒரு பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளையும், "ஆன்கிளிக்" போன்ற பண்புகளில் நேரடியாக எழுதப்பட்ட நிரலையும் உலாவி ஓட்டாதபடி தடுக்கும் காப்பு முறை இது. தாக்குபவர் ஒரு ஜாபின் பெயரிலோ விளக்கத்திலோ ஸ்கிரிப்டை நுழைத்தாலும் அது ஓடாமல் போகும் என்பதால், இந்தக் காப்பை ஜென்கின்ஸ் முழுவதற்கும் கொண்டுவரும் பணி நடந்துவருகிறது. பொத்தான் வேலை செய்யவில்லை என்பதற்காக இந்தக் காப்பை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடாதீர்கள். முதலில் மீறல்களைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் வைத்து, எந்தச் செருகுநிரல்கள் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டு, அவற்றைப் புதுப்பித்த பிறகு தடுப்பை இயக்குங்கள். திருத்துபவர் ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பாகப் பிரித்து அட்ஜங்ட் (பக்கத்தோடு கோப்பை இணைக்கும் ஜென்கின்ஸ் முறை) வழியே சேர்த்து, ஜெல்லியிலிருந்து வர வேண்டிய மதிப்புகளைத் தரவுப் பண்புகளின் வழியே அனுப்ப வேண்டும்.

கன்சோல் அமைதியாக இருந்து, நெட்வொர்க் பகுதியில் 403 என்ற எண்ணும் செல்லுபடியாகும் கிரம்ப் இல்லை என்ற செய்தியும் தெரிந்தால், கோரிக்கை போலியன்று என்று காட்டும் அடையாளமான கிரம்பைச் செருகுநிரல் அனுப்பவில்லை என்று பொருள். புரோட்டோடைப் வழியே சென்ற அழைப்புகளில் ஜென்கின்ஸ் கிரம்பைத் தானே சேர்த்துவந்தது. ஃபெட்சுக்கு மாற்றும்போது அதைத் தலைப்பில் சேர்க்க மறந்தால் இந்த நிலை வரும். எல்லாப் பக்கங்களிலும் 403 வந்தால் செருகுநிரலை விட்டுவிட்டு, ஜென்கின்ஸுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ரிவர்ஸ் பிராக்ஸியின் அமைப்பைப் பாருங்கள். உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு மட்டும் 403 வந்தால், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஏபிஐ டோக்கனைப் பயன்படுத்துங்கள். டோக்கனோடு வரும் கோரிக்கைக்குக் கிரம்ப் தேவையில்லை. 405 வந்தால், முன்பு நேரடி இணைப்பாக இயங்கிய செயல் இப்போது போஸ்ட் முறையை மட்டும் ஏற்கிறது என்பதே காரணம்.

"ஊப்ஸ்" என்ற பக்கமும் ஒரு லாகிங் அடையாள எண்ணும் வருகின்றன

அந்த அடையாள எண்ணைக் கொண்டு சிஸ்டம் லாகில் தேடினால் முழுப் பிழைத்தடம் கிடைக்கும். இடைமுகக் கோளாறாக இருந்தால் அதில் ஜெல்லி விதிவிலக்கு ஒன்றும், எந்த ஜார் கோப்புக்குள் உள்ள எந்த ஜெல்லி கோப்பின் எத்தனையாவது வரி என்பதும் தெளிவாக இருக்கும். தேடுதல் இங்கே மிக எளிது: மையம் அகற்றிய ஒரு குறியையோ செயற்கூற்றையோ அந்த வரி அழைக்கிறது. அந்த வரியை அப்படியே எடுத்துச் செருகுநிரலின் பிழைப்பதிவில் தேடுங்கள்.

ஐகான்கள் இருந்த இடத்தில் உடைந்த படங்கள்

2022 முதல் ஜென்கின்ஸ் பழைய படக் கோப்புகளை விட்டு, எஸ்விஜி கோட்டோவியமாக வரையப்படும் சிம்பல்களுக்கு மாறியது. இவை அயனிக்கான்ஸ் தொகுப்பிலிருந்து வருகின்றன. எழுத்தின் நிறத்தையே ஏற்றுக்கொள்வதால் எந்தத் தீமிலும் தெளிவாகத் தெரிகின்றன. பழைய படத்தின் முகவரியை நேரடியாக எழுதிய செருகுநிரல்களுக்கு 404 வரும். இதனால் தரவுக்கு எந்தக் கேடும் இல்லை என்பதால் அவசரம் வேண்டாம். அயனிக்கான்ஸ் ஏபிஐ செருகுநிரல் முடங்கியிருந்தால் ஒரே நேரத்தில் பல இடங்களில் சின்னங்கள் காணாமல் போகும். அதை மட்டும் முதலில் சரிபாருங்கள். எழுதுபவர்களுக்கு டிசைன் லைப்ரரி செருகுநிரல் நல்ல துணை: பொத்தான், அறிவிப்பு, அட்டவணை, சிம்பல் என்று ஒவ்வோர் உறுப்பும் தற்போதைய மையத்தில் எப்படித் தெரியும் என்பதை ஓடும் ஜென்கின்ஸிலேயே அது காட்டுகிறது.

டார்க் தீமில் எழுத்துகள் மறைகின்றன; நிறுவனத்தின் சொந்தத் தோற்றம் சிதைகிறது

செருகுநிரல் ஒன்று எழுத்து நிறத்தையோ பின்னணியையோ நிலையான மதிப்பாக எழுதியிருந்தால், டார்க் தீமில் வெள்ளையின் மேல் வெள்ளை, கறுப்பின் மேல் கறுப்பு என்று ஆகும். மையம் தரும் சிஎஸ்எஸ் மாறிகளைப் பயன்படுத்துவதே திருத்தம். சிம்பிள் தீம் செருகுநிரலின் வழியே பழைய சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றைச் சேர்த்திருக்கும் நிறுவனங்கள், மேம்படுத்தலுக்கு முன் அதை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். உறுப்புகளின் கிளாஸ் பெயர்கள் உறுதியளிக்கப்பட்டவை அல்ல. மாறிகளை மட்டும் மாற்றி எழுதும் சிறிய கோப்பு பல பதிப்புகள் தாங்கும்.

எச்டிஎம்எல் அறிக்கைகள் வடிவமின்றி வெறும் எழுத்தாகத் தெரிகின்றன

இது அண்மைய மாற்றத்தால் வந்ததன்று. 2015 இறுதியில் வந்த 1.641, 1.625.3 பதிப்புகள் முதல், பில்டு உருவாக்கிய கோப்புகளை ஜென்கின்ஸ் கடுமையான கட்டுப்பாட்டுடனேயே காட்டுகிறது. ஸ்கிரிப்டுகள் ஓடா, வெளித்தளங்களிலிருந்து எதுவும் ஏற்றப்படாது. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை, அந்தக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சிஸ்டம் பிராப்பர்ட்டியை வெறுமையாக்கிவிடச் சொல்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒரு பில்டை ஓட்டக்கூடிய எவரும் எழுதிய ஸ்கிரிப்ட், அறிக்கையைத் திறக்கும் நிர்வாகியின் அதிகாரத்துடன் ஓட அது வழிவிடும். 2019-இல் 2.200 பதிப்பில் வந்த ரிசோர்ஸ் ரூட் யூஆர்எல் என்ற அமைப்பே சரியான தீர்வு. அதே ஜென்கின்ஸுக்கு இரண்டாவதாக ஒரு டொமைன் பெயரை அமைத்து அங்கே குறித்தால், அறிக்கைகள் உள்நுழைவு இல்லாத அந்த டொமைனிலிருந்து முழு வடிவத்துடன் வரும். இந்த முகவரிகள் இயல்பாக 30 நிமிடமே செல்லும் என்பதால், அவற்றை மின்னஞ்சலில் அனுப்பாமல் ஜென்கின்ஸ் பக்கத்தின் முகவரியையே பகிருங்கள்.

ஜாபின் விளக்கத்தில் எச்டிஎம்எல் குறிகள் எழுத்தாகவே தெரிந்தால், செக்யூரிட்டி பக்கத்தில் மார்க்கப் ஃபார்மேட்டர் "பிளைன் டெக்ஸ்ட்" என்று இருக்கும். ஓவாஸ்ப் மார்க்கப் ஃபார்மேட்டர் செருகுநிரலை நிறுவி "சேஃப் எச்டிஎம்எல்" என்று மாற்றினால் போதும்.

ஒருவருக்கு மட்டும் கோளாறு, மற்றவர்களுக்கு இல்லை

முதலில் உலாவியின் தனிமறைவுச் சாளரத்தில் திறக்கச் சொல்லுங்கள். மையத்தின் கோப்புகள் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் மாறும் பாதையிலிருந்து வருவதால் பழைய கேஷ் (உலாவி சேமித்து வைத்த நகல்) அவற்றைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் அந்தப் பாதையைப் பயன்படுத்தாமல் தன் கோப்புகளை நேரடியாக இணைத்த செருகுநிரலின் பழைய ஸ்கிரிப்ட், உலாவியிலோ பிராக்ஸியிலோ தங்கியிருக்கலாம். கேஷ் இல்லையென்றால் அந்தப் பயனரின் கணக்கு அமைப்பில் தீம் தேர்வையும், சோதனை நிலையில் உள்ள இடைமுக அம்சங்களுக்கான தேர்வுகளையும் பாருங்கள். புதிய பக்க வடிவங்கள் சில, அனைவருக்கும் வருவதற்கு முன் இவ்வாறு பயனர்வாரியாகத் தரப்படுகின்றன.

செருகுநிரலுக்குத் திருத்தப் பதிப்பே இல்லை

மையத்தைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அத்துடன் நின்றுவிடும். ஒரு பொத்தானுக்காகச் சர்வர் முழுவதையும் காப்பின்றி விடுவது தகாது. மேம்படுத்திய மையத்தைப் பின்னிறக்குவதும் ஆதரிக்கப்படும் வழியன்று. முழுக் காப்பு நகலிலிருந்து மீட்பது ஒன்றே பாதுகாப்பானது. அதைவிட, அந்தச் செருகுநிரல் செய்யும் பணியை மற்றொன்று செய்கிறதா என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, 2017-இல் 1.0 பதிப்பு கண்ட புளூ ஓஷன் என்ற இடைமுகச் செருகுநிரல் இப்போது புதிய அம்சங்களைப் பெறுவதில்லை. பைப்லைனைப் படமாகக் காண விரும்புவோர் பைப்லைன் கிராஃப் வியூவுக்கு மாறலாம். உடைந்த செருகுநிரல் ஜென்கின்ஸைத் தொடங்கவே விடாதபோது, பிளகின்ஸ் அடைவில் அதன் ஜேபிஐ கோப்பின் முழுப்பெயரோடு "டிசேபிள்டு" என்ற நீட்சியைச் சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி மறுதொடக்கம் செய்தால், அது முடங்கிவிடும்.

மாற்று எதுவும் இல்லையென்றால், திருத்தத்தை நீங்களே எழுதலாம். மேலே சொன்ன அட்டவணை, புரோட்டோடைப், உள்ளெழுத்து ஸ்கிரிப்ட் ஆகியவற்றின் திருத்தங்கள் பெரும்பாலும் சில ஜெல்லி கோப்புகளுக்குள்ளும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளும் அடங்கிவிடும். பராமரிப்பவர் விலகிய செருகுநிரல்களைத் தத்தெடுப்பதற்கு ஜென்கின்ஸ் திட்டத்தில் முறையான வழி இருக்கிறது. தத்தெடுப்புக்குக் காத்திருப்பவை செருகுநிரல் தளத்தில் அவ்வாறே குறிக்கப்பட்டிருக்கும். பிழையைப் பதிவு மட்டும் செய்வதாக இருந்தால், மையத்தின் பதிப்பு, செருகுநிரலின் பதிப்பு, கன்சோல் அல்லது லாகின் முழுச் செய்தி, சேமிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த கான்ஃபிக் கோப்புகளின் வேறுபாடு ஆகியவற்றை, கடவுச்சொற்களும் டோக்கன்களும் நீக்கப்பட்ட நிலையில் இணைத்து அனுப்புங்கள்.